ஆட்சேபணை சொல்லாத தொப்பி

“இன்னிக்கு என்ன வேலை?”

“பள்ளிக்கூட வராந்தாக் கூரைக்குக் கீழ குடுத்த முட்டுப் பிரிக்கிறாங்க. பிரிச்சதும் நான் அடிப்பக்கம் பூசணும்.”

“கான்கிரீட் போட்டு எத்தனை நாளாச்சு?”

“ஒன்பது.”

“நம்ம வீட்டு ஜன்னலுக்கு மேல இத்தனூண்டு சன்ஷேடு போட்டதுக்கே பதினாலு நாள் முட்டுக் குடுத்து வெச்சீங்க. குனிஞ்சு குனிஞ்சு போய் எனக்கு முதுகே கழண்டு போச்சு.”

“அந்த மரமெல்லாம் வேற இடத்துக்கு வேணுமாம்.”

“யார் சொன்னது, கான்ட்ராக்டரா?”

“டிரைவர் சொன்னார்.”

“கான்ட்ராக்டர் வந்து பார்த்தாரா?”

“தொப்பி தினம் வருது.”

மனைவி தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். “தொப்பிக்குக் கண்ணு இருக்கா? நேராப் போய், ‘ஐயா, ஒரு தடவை வந்து பாருங்க’ன்னு கேட்டா என்னவாம்?”

“அவ்வளவு பெரிய மனுஷன்கிட்ட எப்படிடி கேக்கறது?”

“வாயாலதான்.”

கொத்தனாரின் வலது கை முழுசாக இருந்தபோது இருவரும் பேசிய கடைசிப் பேச்சு இது. அதனால் இருவருக்கும் ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. அன்று பகல் பதினொன்றே காலுக்குப் பள்ளிக்கூடத்தின் புது வராந்தாக் கூரை கீழே வந்தது. விடுமுறை என்பதால் பிள்ளைகள் யாரும் இல்லை. கடைசி முட்டைத் தட்டிவிட்டவன், எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொள்வதால் பல்லி என்று பெயர் வாங்கிய, கூரைக்குப் பலகையும் முட்டும் அடிக்கிற சென்ட்ரிங் ஆள், தாவித் தப்பித்துவிட்டான். கொத்தனாருக்குத் தாவும் வயதில்லை. மூன்று மணி நேரம் கழித்து அவரை வெளியே எடுத்தார்கள். கால் பிழைத்தது. வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அதன் பிறகு சொன்ன பேச்சைக் கேட்டன.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மனைவி அவருடைய சட்டைகளில் இருந்த பித்தான்களை எல்லாம் பிரித்துவிட்டு, இடது கையாலேயே அழுத்தி மூடுகிற பிரஸ் பட்டன் தைத்து வைத்திருந்தாள். ஏழு சட்டை. முதல் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினார். டப், டப் என்று சத்தம் வந்தது. “பொம்மை மாதிரி இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மறு வாரம் விசாரணைக்கு வரச் சொல்லி வாரியத்திலிருந்து கடிதம் வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். உரிமம் பெற்ற கட்டட ஒப்பந்ததாரர் தம் வேலையைத் தாமே மேற்பார்வை செய்ய வேண்டும். தவறினால், அதனால் நேரும் தீங்குக்கு அவரே பொறுப்பு. உரிமமும் போகும், வழக்கும் வரும். அந்தச் சட்டப் புத்தகத்தில் இதைவிடத் தெளிவான வாக்கியம் கிடையாது. இந்தத் தெளிவைச் சரிசெய்வதற்காகத்தான் ஒப்பந்ததாரர் ஒழுங்கு வாரியம் என்ற ஒன்று ஏற்படுத்தப்பட்டது.

வாரியம் தொடங்கிய புதிதில் ஓர் ஆய்வாளர் ஒரு வேலையிடத்துக்குப் போனார். ஒப்பந்ததாரர் தம் வெள்ளைத் தலைக்கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போயிருந்தார். ஆய்வாளருக்கு அவசரம். தொப்பியில் இருந்த உரிம எண்ணைப் பார்த்து, “இருந்தார்” என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த வருடம் ஒரு வழக்கில் அந்தக் குறிப்பு முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் சுற்றறிக்கையாக வந்தது. எண் பொறித்த தொப்பி கண்ணில் படும் உயரத்தில் மாட்டப்பட்டிருந்தால் உரிமதாரர் வந்திருப்பதாகவே கொள்ளப்படும். எத்தனை அடி உயரம் என்பதற்குத் தனியாக ஒரு குழு போட்டார்கள். ஐந்தரை அடி என்று முடிவானது.

கொத்தனார் பதினோரு வருடம் வேலை பார்த்த ஒப்பந்ததாரரிடம் இருபத்து மூன்று தொப்பிகள் இருந்தன. காலையில் டிரைவர் ஒரு வேனில் அவற்றை ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு வேலையிடத்திலும் மாட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப எடுத்துக்கொண்டு வருவார். தொப்பி வந்ததும் வேலையாட்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். முதலில் கேலிக்காகத்தான் செய்தார்கள். பிறகு கேலி எது, பழக்கம் எது என்று யாருக்கும் தெரியாமல் போனது. முக்கியமான வேலை எதையும் தொடங்கும் முன் இருப்பதிலேயே மூத்த ஆள் தொப்பியின் முன் போய் நின்று, “ஐயா, இன்ன வேலை செய்யப் போறோம்” என்று சொல்ல வேண்டும். நூறு எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். பதில் ஒன்றும் வராவிட்டால் மேற்பார்வைப் பதிவேட்டில், “மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கப்பட்டது. ஆட்சேபணை இல்லை” என்று எழுத வேண்டும். எந்தத் தொப்பியும் இதுவரை ஆட்சேபணை சொன்னதில்லை.

பள்ளிக்கூட வேலையில் மூத்த ஆள் கொத்தனார். அன்று காலை தொப்பியின் முன் நின்றவர் அவர். நூறு எண்ணியவர் அவர். பதிவேட்டில் எழுதிய கையெழுத்தும் அவருடையது. அந்தக் கை எழுதிய கடைசி வரி அதுதான்.

வாரியத்தின் விசாரணை அறை தரைத்தளத்தில் இருந்தது. வாசல் ஒன்றே ஒன்று. வாசலுக்கு முன்னால் வண்டிகள் நிற்கவும் ஆட்கள் காத்திருக்கவும் பெரிதாக ஒரு முகப்புக் கூரை போடுவதற்காகப் பலகை அடித்து, அடியில் வரிசையாக முட்டுகள் நிறுத்தியிருந்தார்கள். தாங்கித் தாங்கி நடந்த கொத்தனாரும் அவர் கையைப் பிடித்திருந்த மனைவியும் அந்தக் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து உள்ளே போனார்கள். வாசல் ஓரத்தில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு வெள்ளைத் தொப்பி. கொத்தனாரின் இடது கை தானாக நெற்றிக்குப் போனது.

“கையை இறக்குங்க” என்றாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு. “இது அவர் தொப்பியா?”

“நம்பர் அவரோடதுதான்.”

“அப்ப இந்த வேலையும் அவரா? அவரை விசாரிக்கிற ஆபீசை அவரே கட்டுறாரா?”

“மெதுவாப் பேசு. தொப்பி இருக்கு.”

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். இடப்பக்கம் சட்ட உறுப்பினர், ஒரு அம்மாள். வலப்பக்கம் தொழில்நுட்ப உறுப்பினர், முப்பது வருடம் பூங்காக்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். எதிரே ஒப்பந்ததாரர். மல்லுத் துணியில் தைத்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கைக்குட்டை. கொத்தனாரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாப்பா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்ங்க” என்றார் கொத்தனார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்களைச் சாட்சியாத்தான் கூப்பிட்டிருக்கோம். பயப்படாதீங்க” என்றார் தலைவர். “என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

“கூரை விழுந்துச்சுங்க.”

“விழுந்துச்சுன்னு சொல்லாதீங்க” என்றார் சட்ட உறுப்பினர். “விழுந்துச்சா இல்லையான்னு வாரியம் இன்னும் முடிவு பண்ணல. மேலே இருந்தது கீழே காணப்பட்டதுன்னு சொல்லுங்க.”

“மேலே இருந்தது கீழே காணப்பட்டுச்சுங்க. நடுவுல நான் காணப்பட்டேன்.”

தொழில்நுட்ப உறுப்பினர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “கான்கிரீட்டுக்குத் தினம் தண்ணி ஊத்தினீங்களா?”

“ரெண்டு வேளையும் ஊத்தினோம்ங்க.”

“தண்ணி ஊத்தியும் சாஞ்சிருக்குன்னா வேர்ல ஏதோ கோளாறு.” அதைக் குறித்துக்கொண்டார்.

ஒப்பந்ததாரரின் கணக்கர் இருபத்து மூன்று பதிவேடுகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். சம்பவ நாள் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஒப்பந்ததாரர் இருபத்து மூன்று இடங்களிலும் இருந்தார் என்று இருபத்து மூன்றும் ஒரே குரலில் சொல்லின.

மனைவியால் சும்மா இருக்க முடியவில்லை. “ஒரே நேரத்துலயாங்க?”

“அதாம்மா உழைப்பு” என்றார் தலைவர். “போன வருஷச் சிறந்த மேற்பார்வையாளர் விருது சும்மா குடுத்ததில்ல. ஒரு நாள் லீவு கிடையாது. நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் ஒரு இடத்துல போய் நின்னா அந்த ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும். எங்கயுமே நிக்காதவரால எல்லா இடத்தையும் பார்க்க முடியும். மேற்பார்வைங்கிறது ஒரு மனநிலை. என்னையே எடுத்துக்குங்க. பன்னிரண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு கட்டடத்தையும் போய்ப் பார்த்தது கிடையாது. அதனாலதான் எந்தக் கட்டடம் மேலயும் எனக்கு விருப்பு வெறுப்பு இல்ல. விழுந்த கட்டடம், நிக்கிற கட்டடம், ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்.”

“காணப்பட்ட கட்டடம்” என்று திருத்தினார் சட்ட உறுப்பினர்.

“ஆமா, காணப்பட்ட கட்டடம்.”

பிறகு பள்ளிக்கூடப் பதிவேட்டைப் பிரித்தார்கள். சட்ட உறுப்பினர் வரியின் மேல் விரலை வைத்தார். “இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க.”

“‘மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கப்பட்டது.’ என்ன தெரிவிச்சீங்க? அப்படியே சொல்லுங்க.”

“‘ஐயா, முட்டுப் பிரிக்கிறோம்’னு சொன்னேங்க.”

“ஒன்பது நாள்தான் ஆச்சுன்னு சொன்னீங்களா?”

கொத்தனாருக்குக் கேள்வி புரியச் சற்று நேரம் ஆனது. “தொப்பிகிட்டயா?”

“மேற்பார்வையாளரிடம்.”

“இல்லீங்க. அது சொல்லல.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒப்பந்ததாரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரம் ஒற்றினார். “அதைத்தான் என்னால தாங்க முடியல. பதினோரு வருஷம். நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி வெச்சிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆட்சேபணை பண்ணியிருப்பேனே.”

“முக்கியமான தகவலை மேற்பார்வையாளரிடம் மறைச்சிருக்கீங்க” என்றார் தலைவர் வருத்தத்துடன். “சாட்சிங்கிற இடத்துல இருந்து உங்களைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கு.” ஊழியர் ஒருவர் வந்து, கொத்தனாரின் நாற்காலியை நாலடி தள்ளி, ‘எதிர்தரப்பு’ என்று எழுதிய பலகையின் பின்னால் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி ஒன்றுமே பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது அவருக்குக் கூரை விழுந்ததைவிடப் பயமாக இருந்தது.

“திட்டணும்னா திட்டிடு” என்றார்.

“எதுக்குத் திட்டணும்? அன்னிக்குத் தண்ணித் தொட்டி வேலையில கம்பி மெலிசா இருக்குன்னு கேக்கறதுக்கு அவர் வீட்டுக்கே போனீங்களே, ஞாபகம் இருக்கா? தலை சீவி, இஸ்திரிச் சட்டை போட்டு அனுப்பினேன். திரும்பி வந்ததும், ‘கேட்டீங்களா’ன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?”

“சௌக்கியமான்னு கேட்டார்னு சொன்னேன்.”

“அவர் கேட்டார், சரி. நீங்க?”

“சௌக்கியம்னு சொன்னேன்.”

“இன்னிக்கும் அதையேதான் சொன்னீங்க. கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுக்கிட்டு, சௌக்கியமாம், சௌக்கியம்.”

ஒப்பந்ததாரரிடம் கேட்க வேண்டியதைக் கொத்தனார் பதினோரு வருடமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பார். கலவை கலக்கும்போது சொல்லிப் பார்ப்பார். ஐயா, ஒரு தடவை வந்து பாருங்க. அப்படி ஒன்றும் பெரிய வாக்கியம் இல்லை. சிமெண்ட் மூட்டையைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறியவருக்கு அது மட்டும் தொண்டையைத் தாண்டி ஏறவில்லை.

இரண்டாவது விசாரணையில் தொப்பியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூட இடிபாட்டிலிருந்து எடுத்த தொப்பி அது. மேலே விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். வெல்வெட் தலையணை ஒன்றில் வைத்து ஊழியர் கொண்டுவந்தார். ஒப்பந்ததாரரின் வக்கீல் எழுந்தார். சுற்றறிக்கையின்படி தொப்பியும் உரிமதாரரும் ஒன்றே என்பதால், தம் கட்சிக்காரர் அந்த விபத்தில் தலையில் காயம் அடைந்தவர் என்றார். பாதிக்கப்பட்டவரையே விசாரிப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். தலைவர் ஒப்பந்ததாரரைப் பார்த்து, “இப்ப தலைவலி எப்படி இருக்கு?” என்று கேட்டார். “பரவாயில்ல” என்று பெருந்தன்மையாகச் சொன்னார் அவர்.

அந்த நேரத்தில் வெளியே பெரும் சத்தம் எழுந்தது. முகப்புக் கூரைக்குக் கான்கிரீட் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். கலவை மெஷின் உறுமியது. தலைவர் கையைக் குவித்துக் கத்த வேண்டியிருந்தது. “நம்ம கூரைதான்! இவரே போடுறார்! இவர் மேல வாரியத்துக்கு எவ்வளவு நம்பிக்கைன்னு பார்த்துக்குங்க!”

சாட்சிப் பொருளைத் துணிப்பையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும் என்பது விதி. பை இல்லை. எதிர்தரப்பின் மனைவி தையல்காரி என்பது ஊழியருக்கு நினைவு வந்தது.

“ஒரு கை குடும்மா. நாடா வெச்சுத் தைச்சாப் போதும்.”

மனைவி இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். தொப்பியின் சுற்றளவைப் பார்த்தாள். உயரத்தைப் பார்த்தாள். பிறகு, எந்தத் துணியையும் திருப்பி உள்பக்கம் பார்க்காமல் விடாத பழக்கத்தில், தொப்பியைத் திருப்பினாள். அப்படியே நின்றாள்.

“ஐயா, இதைப் பாருங்க.” மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். “நெத்தியில படுற பட்டையில கம்பெனி ஒட்டின பிளாஸ்டிக் தாள் இன்னும் அப்படியே இருக்கு! வியர்வை பட்ட துணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை காலர் பிரிச்சுத் தைச்சிருக்கேன்! இது எந்தத் தலையிலயும் ஏறினதே இல்ல! அவர் அங்க வந்ததே இல்ல!”

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தொழில்நுட்ப உறுப்பினர் தாளை நகத்தால் தொட்டுப் பார்த்தார். தம் மனைவி இந்த வழக்கை முடித்துவிட்டாள் என்று கொத்தனார் நினைத்தார்.

தலைவர் நிமிர்ந்தார். “எழுதிக்குங்க. உரிமதாரர் பாதுகாப்பு உபகரணத்தைப் புதிது போலப் பேணி வந்திருக்கிறார். அவருடைய பொறுப்புணர்ச்சிக்கு இது கூடுதல் சான்று.”

மனைவி தொப்பியைத் தலையணை மேல் வைத்தாள். பையைத் தைத்துக் கொடுத்தாள். வாசல் முழுக்கக் கான்கிரீட் தண்ணீர் வடிந்ததால் அன்று எல்லோரையும் கழிப்பறைப் பக்கம் இருந்த ஜன்னல் வழியாக, ஸ்டூல் போட்டு, வெளியே இறக்கினார்கள். தலைவரை இருவர் தாங்கிப் பிடித்தார்கள். வாரியத்தின் விருந்தினர் குறிப்பில் அது ‘மாற்று வழி’ என்று எழுதப்பட்டது.

மூன்றாவது விசாரணைக்குத் தேதி கொடுத்தபோது கொத்தனார் அதை விரலில் எண்ணிக்கொண்டார். ஏன் எண்ணினார் என்று அவருக்கே தெரியாது. தொழிலில் இருப்பவர்கள் கான்கிரீட் போட்ட நாளிலிருந்து தானாக எண்ணுவார்கள்.

மூன்றாவது விசாரணை அன்று முகப்புக் கூரை போட்டு முடிந்து, அடியில் முட்டுகள் அப்படியே நின்றன. நிழல் கிடைத்துவிட்டது என்று ஊழியர்கள் முட்டுகளுக்கு நடுவிலேயே பெஞ்சு போட்டிருந்தார்கள். வேறு வேறு வழக்குகளுக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, ஒரு கம்பத்தில் முதுகைச் சாய்த்திருந்தாள். தலைவரின் கார் நிழலில் நின்றது. ஆணியில் தொப்பி இருந்தது. இந்த முறை கொத்தனாரின் கை நெற்றிக்குப் போகவில்லை. அவர் தலையைத் தூக்கிக் கூரையின் அடிப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

தலைவர் தீர்ப்பின் நகலைப் படித்தார். பதினான்கு பக்கம். அதில் பன்னிரண்டு பக்கம் வாரியத்தின் வரலாறு. கடைசி இரண்டு பக்கத்தில் இருந்தது இதுதான். சம்பந்தப்பட்ட தொப்பி மூன்று மாத காலம் மேற்பார்வைப் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒப்பந்ததாரரின் உரிமம் அப்படியே இருக்கும், ஏனென்றால் தவறு செய்யும்போது அவர் அங்கே இல்லை.

“ஒரு நிமிஷம்ங்க” என்றாள் மனைவி. “அவர் அங்க இருந்தார்னுதானே இத்தனை நாள் சொன்னீங்க?”

“மேற்பார்வை செய்ய இருந்தாரும்மா” என்று பொறுமையாக விளக்கினார் சட்ட உறுப்பினர். “தவறு செய்ய இல்ல. ரெண்டும் வேற வேற பிரிவு.”

கொத்தனாரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மேற்பார்வையாளரிடம் உண்மையை மறைத்தது, அதன் விளைவாக மேலே இருந்தது கீழே காணப்பட்டது. அவருடைய தொழிலாளர் அட்டை ஆயுளுக்கும் ரத்து. இனி எந்த வேலையிடத்திலும் கால் வைக்கக் கூடாது. குற்ற வழக்குக்கும் பரிந்துரை.

“ஆனா” என்றார் தலைவர், குரலைத் தேனாக்கிக்கொண்டு, “வாரியத்துக்கு இதயம்னு ஒண்ணு இருக்கு. குற்றத்தை ஒத்துக்கிட்டு இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா வழக்கும் கிடையாது, ரத்தும் கிடையாது. உங்க முதலாளி உங்களுக்கு ஒரு வேலையும் பார்த்து வெச்சிருக்கார். சொல்லுங்க சார்.”

ஒப்பந்ததாரர் முன்னால் சாய்ந்தார். “டிரைவருக்கு வயசாயிடுச்சுப்பா. இருபத்து மூணு இடத்துக்கும் போய் வர முடியல. நீ வேன்ல உட்கார்ந்துக்கோ. காலையில தொப்பியை மாட்டணும், சாயங்காலம் எடுக்கணும். அவ்வளவுதான். ஒரு கை போதும். உன்னை நான் விட்டுடுவேனா?”

ஊழியர் காகிதத்தைக் கொத்தனாரின் முன் வைத்து, இடது கையில் பேனாவைக் கொடுத்தார்.

கொத்தனார் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தலையையும் ஆட்டவில்லை. வீட்டில் மூன்று மாதமாக அவளுடைய மெஷின் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது என்பது இருவருக்கும் தெரியும். “எது செஞ்சாலும் நான் கூட இருக்கேன்” என்பதை அவள் எப்போதும் வாயால் சொன்னதில்லை. சட்டையைச் சரிசெய்வாள். இப்போதும் கையை நீட்டி, அவர் காலருக்குக் கீழே திறந்திருந்த பட்டனை அழுத்தினாள். டப்.

அந்தச் சத்தத்தோடு கதவு திறந்தது. பல்லி எட்டிப் பார்த்தான். கையில் சுத்தியல், கக்கத்தில் பதிவேடு.

“ஐயா, மன்னிச்சுக்குங்க. வாசல் கூரைக்கு முட்டுப் பிரிக்கலாமா? வேன் வந்து நிக்குது, மரத்தை ஏத்தணுமாம்.”

ஒப்பந்ததாரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து அந்தக் கூரை பத்தடி. கழுத்தைத் திருப்பினால் ஜன்னல் வழியாகவே தெரியும்.

“தொப்பி இருக்கா?”

“இருக்குங்க.”

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். நூறு எண்ணிட்டேன். ஒண்ணும் சொல்லலீங்க.”

“அப்புறம் என்கிட்ட எதுக்கு வர்றே?”

“ரிஜிஸ்டர்ல எழுத ஆள் இல்லீங்க. எனக்கு எழுத வராது.” பல்லியின் கண் கொத்தனாரின் கையில் இருந்த பேனாவில் விழுந்தது. “அண்ணே, நீயே எழுதிக் குடுத்துடேன். வழக்கமா நீதானே எழுதுவே.”

“நல்ல யோசனை” என்றார் தலைவர். “புது வேலைக்கு நல்ல தொடக்கம். ரெண்டுலயும் போட்டுடுங்க.”

பல்லி பதிவேட்டைப் பிரித்து, தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்தான். கொத்தனார் இரண்டு காகிதத்தையும் பார்த்தார். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டு, இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஐந்து முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து மடக்கினார். நாலாவது விரலில் நின்றார். ஒன்பது நாள்.

ஜன்னலுக்கு வெளியே, கம்பத்தில் சாய்ந்திருந்த பெண் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன யோசனை? கையெழுத்துப் போடுங்க” என்றார் சட்ட உறுப்பினர்.

கொத்தனார் எழுந்தார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருந்தது. பல்லியின் கையிலிருந்து சுத்தியலை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ‘எதிர்தரப்பு’ என்ற பலகையைச் சுற்றிக்கொண்டு, கால் இழுக்க இழுக்க நடந்து, வெள்ளைச் சட்டையின் முன்னால் போய் நின்றார்.

“வாரியத்தைப் பார்த்துப் பேசுங்க” என்றார் சட்ட உறுப்பினர்.

ஒப்பந்ததாரர் சிரித்தார். “பரவாயில்லம்மா, நம்ம ஆள்தான். என்னப்பா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“இல்லீங்க” என்றார் கொத்தனார்.

ஒப்பந்ததாரரின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

“ஐயா,” என்றார். குளிக்கும்போது சொல்லிப் பார்த்த குரல் இல்லை அது. மூன்றாவது மாடியிலிருந்து கீழே நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரல். “பத்தடிதான். தொப்பியை விடுங்க, நீங்க எழுந்து வாங்க. என்கூட அந்தக் கூரைக்குக் கீழ வந்து நின்னு, ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாருங்க.”